உதைக்காத வாத்து

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வடிவு டைப் அடிப்பதை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வருகிறவர்கள் கடை வாசலில் நிற்பார்கள். அவள் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பாள். விரல்கள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஓடுவது ஒன்பது விரல்கள்தான். வலது கைக் கட்டைவிரல் மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைபோல ஒதுங்கியே இருக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டுகிற வேலையெல்லாம் இடது கட்டைவிரலுக்கு.

கேட்டால், "இந்த வெரல்ல சத்து பத்தாதுங்க, சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்பாள்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சாந்தம்மாள் டீச்சர் ஸ்கேலால் மணிக்கட்டில் தட்டித் தட்டிப் பார்த்தும் இதையேதான் சொன்னாள். கல்யாணமான புதிதில் கணவன் சக்திவேல் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்று ஆசையாகக் கூப்பிட்டபோதும் இதையேதான் சொன்னாள். வண்டி முறுக்குவதற்கும் கட்டைவிரலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவனும் கேட்கவில்லை. வீட்டில் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறப்பதுகூட இடது கையால்தான். முப்பத்தேழு வயதுக்காரிக்கு இப்படி ஒரு நம்பிக்கையைக் கொடுத்தது எந்த டாக்டரும் இல்லை. ஒரு டிவி கேம்.

அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது தொண்ணூற்று ஒன்பதில். வடிவின் அப்பா ராஜாக்கண்ணு, ஆலங்காயத்துக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வீட்டில் எங்கே கை வைத்தாலும் பஸ் டிக்கெட் கிடைக்கும். ரோஸ், பச்சை, மஞ்சள் என்று அலமாரியில், தலையணைக்கு அடியில், சில நாள் ரசத்திலும். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் வாணியம்பாடி பஜாரிலிருந்து சாம்பல் நிறப் பெட்டி ஒன்றையும், இரண்டு ரிமோட்டையும், ஒரு மஞ்சள் கேசட்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். தெருவில் யார் வீட்டிலும் அப்படி ஒன்று இல்லை. அன்றைக்கு வடிவுக்குப் பதினொன்று, அவள் அண்ணன் பூவரசனுக்குப் பதினாலு.

கேசட்டை உள்ளே தள்ளுவதற்கு முன் அதன் வாயில் ஊத வேண்டும். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது, எல்லாரும் ஊதினார்கள். அதற்குள் நிறைய ஆட்டங்கள் இருந்தாலும் அந்த வீட்டில் ஓடியது ஒன்றுதான், பொம்மைச் சண்டை. எழுத்தெல்லாம் ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும், ஒன்றும் புரியாது. அதனால் சண்டைக்காரர்களுக்குப் பெயர் வைக்கிற பொறுப்பைப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள். மேலங்கி கட்டிக்கொண்டு கரண்டி சுழற்றுகிற கரடி, பரோட்டா மாஸ்டர். குடையால் குத்துகிற குரங்கு, போஸ்ட்மேன். மூக்குக் கண்ணாடி போட்டு, கையில் சிவப்பு உறை மாட்டிய வாத்து, டீச்சர். அடி வாங்கினால் ரத்தம் வராது. கண் இரண்டும் வெளியே எகிறும், தலையைச் சுற்றி நட்சத்திரம் பறக்கும், உடம்பு அப்பளமாக நசுங்கித் தரையில் ஒட்டும். அப்புறம் ஒரு உதறு உதறிவிட்டு எழுந்து நிற்கும். எத்தனை தடவை நசுங்கினாலும் எழும். வடிவுக்கு அதைப் பார்த்துப் பார்த்துத் தீராது.

முதல் வாரம் வாத்தை எடுத்துக்கொண்டு அண்ணனுடைய கரடியை ஏழு ஆட்டம் தொடர்ந்து அடித்தாள். தெருப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்தினார்கள். அப்பா சட்டையைக் கழற்றியபடியே நின்று பார்த்து, "ஏண்டா, ஒரு வாத்து உன்ன பின்னியெடுக்குதே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பூவரசன் அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டான்.

எட்டாவது நாள் வாத்து உதைப்பதை நிறுத்திவிட்டது.

ரிமோட்டில் வலப்பக்கம் இரண்டு பட்டன். வெளிப்பக்கத்துப் பட்டன் குத்து, உள்பக்கத்துப் பட்டன் உதை. உள்பக்கத்தை அழுத்தக் கட்டைவிரலைக் கொஞ்சம் மடக்க வேண்டும். வடிவு மடக்கினாள், அழுத்தினாள், நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினாள். வாத்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சும்மா நின்றது. அதற்குள் கரண்டி வந்து மண்டையில் இறங்கியது.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் நைனா" என்று அப்பாவிடம் அழுதாள். மறுநாள் காலை அப்பா பெட்டியைத் துணிப்பையில் சுற்றிப் பஸ்ஸிலேயே எடுத்துப்போனார். வாணியம்பாடிக் கடையில் போட்டுப் பார்த்தால் இரண்டு பட்டனும் பட்டுப் பட்டென்று வேலை செய்தன. கடைக்காரர் சிரித்திருக்கிறார். அப்பாவுக்குச் சக கண்டக்டர்கள் முன்னால் மானம் போய்விட்டது. மறுநாள் வீட்டில் வடிவு மறுபடி அழுத்திப் பார்த்து, மறுபடி வாத்து நின்றதும், தீர்ப்பு வந்துவிட்டது.

"பெட்டியில ஒண்ணும் கொற இல்ல. உன் வெரல்லதான் சத்து இல்ல. உள்பக்கம் அமுக்கறதுக்கு வெரல் மடங்கணும். மனசு வெச்சு அமுக்கு."

மகளுடைய ரிமோட்டைத் தன் கையில் வாங்கி ஒரே ஒரு தடவை அவர் அழுத்திப் பார்த்திருக்கலாம். டூட்டி முடிந்து வந்த அலுப்பில் அது அவருக்குத் தோன்றவில்லை. பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தீர்ப்புகளில் பாதி அலுப்பில் கொடுப்பதுதான். வாங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு அது தெரிவதில்லை.

அதற்கப்புறம் வடிவு மனசு வைத்தாள். புளியங்கொட்டையைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்திப் பழகினாள். கேழ்வரகுக் களி கிண்டும்போது வலது கையால்தான் கிண்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. சரி, உதை இல்லாமல் எப்படி ஜெயிப்பது என்று பார்க்க ஆரம்பித்தாள். கரடி கரண்டியை ஓங்க ஒன்று, இரண்டு எண்ணுகிற நேரம் ஆகும். அந்த நேரத்தில் தலைக்கு மேலே தாவி, பின்பக்கம் இறங்கி, முதுகில் ஒரு குத்து. மறுபடி தாவல், மறுபடி குத்து. பார்க்கக் கண்ராவியாக இருக்கும், ஆனால் பத்துக்கு நாலு ஜெயித்துவிடுவாள். தெரு அவளுக்கு 'உதைக்காத வாத்து' என்று பட்டம் கட்டியது. பள்ளிக்கூடம் வரைக்கும் அந்தப் பட்டம் கூடவே வந்தது.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. வேறு யாராவது இரண்டாம் நம்பர் ரிமோட்டைத் தொட்டால் அண்ணன் சண்டைக்குப் போவான். "அது வடிவோடது. யாரும் கை வெக்கக் கூடாது" என்பான். தன் முதலாம் நம்பரைக்கூட சிநேகிதர்களுக்குக் கொடுப்பான், தங்கச்சியுடையதைக் கொடுக்க விடமாட்டான். அண்ணனுக்கு நம் மேல் எவ்வளவு பாசம் என்று வடிவு உருகிப்போவாள். பின்னாளில் அவன் மீசை முளைத்து, டிரைவர் லைசென்ஸ் எடுத்து, ஜமுனாமரத்தூர் பஸ்ஸை மலைமேல் ஓட்டுகிறவனாக ஆனபிறகும், எங்கேயாவது வாத்தைப் பார்த்தால் அவளுக்கு அண்ணன் சொன்ன அந்த வார்த்தைதான் ஞாபகம் வரும். கண்ணும் கொஞ்சம் கலங்கும்.

அந்தப் பூவரசனுக்கு, நாற்பது வயதில், இந்த வருஷம் வெயில் ஏறுவதற்கு முன்னால் பக்கவாதம் வந்தது. நல்லவேளை பஸ்ஸில் இல்லை, வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். காலும் பேச்சும் ஓரளவு திரும்பிவிட்டன. வலது கை திரும்பவில்லை. பத்து கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸைத் தயிர்ச்சட்டி தூக்குகிற மாதிரி பதமாகத் திருப்பிய கை, மடியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்போலக் கிடந்தது.

வாரம் இரண்டு முறை வந்துபோன பிசியோதெரபிப் பெண் பிரியதர்ஷினி வடிவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அக்கா, கட்டைவெரல் லேசா அசையுது. நானே பாத்தேன். மொத ஆறு மாசத்துல வர்றதுதான் நல்லா வரும், அப்புறம் ரொம்ப மெதுவாய்டும். நாலு மாசம் போய்டுச்சு. அவரு பந்தைக் கையிலயே தொடமாட்றாரு."

பந்து என்றால் கையில் வைத்து அமுக்கச் சொல்லிக் கொடுத்த மஞ்சள் ஸ்பான்ஜ் பந்து. அதை அவன் இடது கையால் வீசியெறிந்து வாசலில் தெருநாய் கவ்விக்கொண்டு போயிருந்தது. "நான் இன்னா கைக்கொழந்தையா, பந்து வெச்சினு வெளையாட?" என்று அவன் மனைவி தேவியிடம் பாய்ந்திருக்கிறான். தேவி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி வடிவிடம் சொன்னாள், "நீ சொன்னா கேப்பாரு வடிவு. எங்கிட்ட எரிஞ்சு எரிஞ்சு வுழறாரு."

சொல்லி என்ன ஆகும் என்று வடிவு அண்ணாந்து பார்த்தாள். பரண் மேல், பழைய மெத்தைக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு மூலை தெரிந்தது.

பக்கத்துக் கடையில் சொல்லி ஒரு அடாப்டர் வாங்கி மாட்டினாள். கேசட்டை உள்ளே தள்ளும் முன், முப்பத்தேழு வயதில், வெட்கமில்லாமல் ஊதினாள். நீலத் திரை வந்தது, அந்த டிங் டிங் பாட்டு வந்தது, பரோட்டா மாஸ்டர் கரண்டியோடு வந்து நின்றார். பூவரசன் கோணலாகச் சிரித்தான். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு.

பழைய வழக்கப்படி முதலாம் நம்பர் அவனுக்கு, இரண்டாம் நம்பர் இவளுக்கு. ரிமோட்டை மடியில் வைத்து, இடது கையால் கரடியை நகர்த்தினான். வலது கட்டைவிரலைத் தூக்கிப் பட்டன் மேல் வைத்துக்கொண்டான். விரல் அங்கேயே படுத்துக் கிடந்தது. வடிவு தன் வாத்தைக் கரடியின் கரண்டிக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினாள். தானாக அடிபட ஏதாவது வழி உண்டா என்று பார்த்தாள். கடைசியில் அவன் இடது கையை எடுத்துப்போய்ப் பட்டனைத் தட்ட, வாத்து நசுங்கியது. அவளே கை தட்டினாள்.

அவன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டான். "பிச்சை போடறியா எனக்கு?" என்றான். வார்த்தை குழறினாலும் கோபம் குழறவில்லை. "எடுத்துனு போ இத்த."

எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் கடை மேஜைக்கு அடியில் கிடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், கரண்ட் போய்க் கடையில் கூட்டம் இல்லாதபோது, பட்டன் ரப்பர் பிசுபிசுவென்று இருந்ததே, துடைத்து வைப்போம் என்று இரண்டாம் நம்பர் ரிமோட்டைத் திருப்பினாள். பிரிண்டருக்கு வைத்திருந்த சின்ன ஸ்குரூ டிரைவரால் திருகுகளைக் கழற்றினாள். இருபத்தாறு வருஷத்தில் அதை அவள் திறந்து பார்த்ததே இல்லை. அண்ணன்தான் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தானே.

உள்பக்கத்துப் பட்டன் ரப்பருக்கு அடியில், அது கீழே தகட்டைத் தொடாதபடி, இரண்டாக மடித்த ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. ரோஸ் நிறம் வெளுத்து, ஓரம் கச்சிதமாக வெட்டியிருந்தது. ஆலங்காயம் – வாணியம்பாடி.

முதலில் அப்பாவின் ஞாபகம்தான் வந்தது. இறந்து எட்டு வருஷம் ஆன மனுஷனின் டிக்கெட், எச்சில் தொட்டுக் கிழித்த விரல் எல்லாம் கண்முன் வந்து நின்றன. டிக்கெட்டை முகர்ந்துகூடப் பார்த்தாள். அப்புறம்தான் அது அங்கே எப்படி வந்தது என்று புரிந்தது. கடைக்குப் போன நாளில் மட்டும் பட்டன் ஏன் வேலை செய்தது என்று புரிந்தது. 'அது வடிவோடது, யாரும் கை வெக்கக் கூடாது' என்பதும் புரிந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் திரை விழித்ததும், வலது கட்டைவிரலை ஸ்பேஸ் பார் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். தட்டியது. மறுபடி தட்டினாள். வரி முடிகிற வரைக்கும் தட்டினாள். ஒரு குறையும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, அழவில்லை. கடையை அப்படியே பூட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். வழியில் பஸ் ஸ்டாண்டில் காவலூர் பஸ் கண்டக்டர், "இன்னாக்கா, இவ்ளோ வேகமா?" என்று கேட்டபோதும் நடையைக் குறைக்கவில்லை.

பூவரசன் கட்டிலில் உட்கார்ந்து ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மடியில் டிக்கெட்டைப் போட்டாள்.

"இது இன்னான்னு தெரியுதா?"

பார்த்தான். முகத்தில் ரத்தம் ஏறியது. பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். அவன் சொல்லவில்லை.

"ஏழு ஆட்டம் தோத்தேன். நைனா சிரிச்சாரு" என்றான். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "கத்தி முனையால தொறந்து வெச்சேன். நைனா கடைக்கு எடுத்துனு போறேன்னாரு, எடுத்துட்டேன். வந்தப்புறம் மறுபடி வெச்சேன். ஒரு வாரத்துல எடுத்துடலாம்னுதான் இருந்தேன் வடிவு. அதுக்குள்ள வெரல்ல சத்து இல்லன்னு நைனா சொல்லிட்டாரு. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"அப்புறம் எப்படிச் சொல்றதா? புளியங்கொட்டைய வெச்சு நசுக்கினு ஒக்காந்திருந்தேனே, பாத்துனுதான இருந்த? நான் இன்னிக்கு வரைக்கும் வண்டி ஓட்டக் கத்துக்கல தெரியுமா? சாந்தம்மாள் டீச்சர்கிட்ட எத்தினி அடி வாங்கினேன் தெரியுமா? பாசம்னு நெனச்சேண்ணா! நீ என் ரிமோட்ட யாரையும் தொட வுடாதப்போ, பாசம்னு நெனச்சேன்!"

தேவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பூவரசன் குனிந்து அந்த டிக்கெட்டையே பார்த்தான். கண்ணிலிருந்து நீர் சொட்டியது, துடைக்கவில்லை. துடைக்க வலது கைதான் பழக்கம்.

வேறொரு நாளாக இருந்தால் வடிவு இளகியிருப்பாள். நாலு மாதமாக எல்லாரும் அவனிடம் இளகிக்கொண்டுதான் இருந்தார்கள். இன்றைக்கு இளகவில்லை. விறுவிறுவென்று வயரைச் சொருகினாள், கேசட்டைத் தள்ளினாள். இரண்டாம் நம்பர் ரிமோட்டை அவன் மடியில் போட்டு, அவனுடைய வலது கையைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். முதலாம் நம்பரைத் தான் எடுத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அதைக் கையில் பிடிப்பது அதுதான் முதல் தடவை.

"டிக்கெட்ட எடுத்துட்டேன். உள்ள ஒண்ணும் இல்ல. உனக்குப் பரோட்டா மாஸ்டர், எனக்கு வாத்து. உள்பக்கம் அமுக்கறதுக்கு வெரல் மடங்கணும்ண்ணா. மனசு வெச்சு அமுக்கு."

முதல் ஆட்டத்திலேயே வாத்து உதைத்தது. கண்ணாடி ஆட, ஆரஞ்சு நிறப் பாதத்தைத் தலைக்கு மேல் தூக்கி, கரடியின் மோவாயில் ஒன்று விட்டது. இத்தனை அழகான உதையைத்தான் இருபத்தாறு வருஷம் இழந்தோமா என்று வடிவுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. உதைத்தாள். கரடி நசுங்கியது, உதறிக்கொண்டு எழுந்தது. மறுபடி உதைத்தாள். இரண்டு ஆட்டம், மூன்று ஆட்டம். ஒரு இடத்தில்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அவன் இடது கை பட்டன் பக்கம் வந்தால், "அந்தக் கைய எடு" என்று அதட்டினாள். ஐந்தாம் ஆட்டத்தில் அவன் வாய்விட்டுத் திட்ட ஆரம்பித்தான். ஏழாவதில் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து வந்திருந்தான். தேவி கரண்டியும் கையுமாக வந்து நின்று, யாரைத் தடுப்பது என்று தெரியாமல் விழித்தாள்.

பதினோராம் ஆட்டம். நெற்றியெல்லாம் வியர்வை. பல்லைக் கடித்துக்கொண்டு தன் வலது கட்டைவிரலையே முறைத்துப் பார்த்தான். ஏதோ தெருச்சண்டையில் எதிராளியைப் பார்க்கிற பார்வை. விரல் நடுங்கியது. நகர்ந்தது. கால் அங்குலம் இருக்கும், மடங்கிப் பட்டன் மேல் விழுந்தது.

பரோட்டா மாஸ்டர் காலைத் தூக்கினார். வாத்து டீச்சர் கண்ணாடி தனியாக, கண் தனியாக எகிறி, அப்பளமாகத் தரையில் ஒட்டினார். தலைக்கு மேல் நட்சத்திரங்கள் சுற்றின.

தேவி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பூவரசன் திரையைப் பார்க்கவில்லை, தங்கச்சி முகத்தைத்தான் பார்த்தான். பார்வையில் சந்தேகம் இருந்தது.

"வுட்டுக்குடுத்தியா?"

"உனக்கா?" என்றாள் வடிவு. "எனக்கு இன்னும் கோவமே தீரல. செத்தாலும் வுட்டுக்குடுக்க மாட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்தால் அது உண்மை என்று யாருக்கும் தெரியும். பூவரசனுக்கும் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "போடு அடுத்த ஆட்டம்" என்றான்.

ஸ்டார்ட் பட்டன் முதலாம் நம்பரில்தான் உண்டு. வடிவு அதை வலது கட்டைவிரலால் அழுத்தினாள்.